சிவப்பு கொஞ்சம் தூக்கல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. விளையாட, வேலை செய்ய, படம் பார்க்க என்று மூன்றுக்கும் பொருந்தும் மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். நான் அந்த மாதிரிக் கட்டுரைகள் எழுதிப் பிழைக்கிறவன். ஃப்ரிட்ஜ் வாங்குவது எப்படி, மெத்தை வாங்குவது எப்படி என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியிருக்கிறேன். எங்கள் வீட்டு மெத்தையில் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அது வேறு விஷயம்.

கட்டுரையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியில் உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தேன். 'ஒரு வீட்டில் மூன்று பேர், ஒரே மேசை என்று வைத்துக்கொள்வோம்.' வைத்துக்கொண்டதுதான் வினை. அந்த மூன்று பேரும் இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஆட்கள். அவர்கள் உள்ளே வந்ததும் அங்குலக் கணக்கும் வேகக் கணக்கும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. வேறு யார் குடும்பத்தையாவது போட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரு குடும்பம்தான்.

ஆசிரியருக்கு அந்தக் குடும்பத்தை வெட்டிவிட்டுக் கட்டுரையை அனுப்பிவிட்டேன். அதை நம்பி நீங்கள் தாராளமாக மானிட்டர் வாங்கலாம். இது வெட்டிய மிச்சம்.

2

கதை என்று ஆனபிறகு ஆரம்பம் வேண்டுமே. எழுதிப் பார்த்தவை:

'அன்று காலை மானிட்டர் செத்துப்போனது.' (இப்படி ஆரம்பித்தால் நீங்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடுவீர்கள். அது இருண்டுபோனது, அவ்வளவுதான். தட்டிப் பார்த்தோம், வரவில்லை.)

'இன்றைய மனிதன் உலகத்தைத் திரை வழியாகவே—' (வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பலமுறை போய் வந்திருக்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை.)

'என் மனைவி முகங்களுக்கு நிறம் திருத்துகிறவள்.'

இது பரவாயில்லை. இதிலேயே போகலாம்.

என் மனைவி ஆல்பம் அச்சடிக்கிற ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறாள். கல்யாணப் படங்கள் வந்து குவியும். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் பெண்ணுக்குக் காமாலை கண்ட மாதிரி இருக்கும். மரத்தடியில் எடுத்ததில் மாப்பிள்ளை பச்சையாக நிற்பார். இவள் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகச் சரிபார்த்து, அவரவர் நிறத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுப்பாள். எங்கள் மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அதே அச்சகம், அதே நாற்காலி, அதே மானிட்டர்.

அந்த அச்சகம் ஊருக்கு வெளியே ரொம்ப தூரத்தில் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போகப்போகிறது என்று சொன்னார்கள். தினமும் போய்வர முடியாத தூரம். முதலாளியம்மா நல்ல மனுஷி. கறாரான மனுஷியும்கூட. வீட்டிலிருந்தே செய், ஆனால் வீட்டு மானிட்டரில் ஒரு ஆல்பம் செய்து காட்டு, அச்சில் சரியாக வந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் நான் வேறு ஆள் பார்க்கணும் என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலை போனால் நாங்கள் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் அந்த வேலை இல்லாத என் மனைவியை எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. தெருவில் போகிறவர் முகத்தைப் பார்த்து 'இவருக்கு மஞ்சள் கொஞ்சம் குறைக்கணும்' என்று முணுமுணுக்கிறவள் அவள்.

சொல்லி வைத்தாற்போல அந்த வாரம்தான் எங்கள் வீட்டு மானிட்டர் இருண்டது.

3

கடைக்கு மூன்று பேரும் போனோம். மூன்றாவது ஆள் என் மகள்.*

சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடியது. ஒரு கிளி, ஒரு தட்டு நிறையப் பழம், கடல், மறுபடி கிளி. உலகத்தில் எந்தக் கிளியும் அவ்வளவு பச்சையாக இருந்ததில்லை.

மகள் நேராக வளைந்த திரை ஒன்றின் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு வேண்டியது வேகம். ஒரு நொடிக்குள் எத்தனை தடவை படம் மாறுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறதாம். எதிரி கதவோரம் தலையை நீட்டுவதைச் சாதாரண மானிட்டர் நமக்குக் காட்டி முடிப்பதற்குள் நாம் சுடப்பட்டுக் கீழே கிடப்போமாம். நான் அகலமான ஒன்றின் பக்கம் ஒதுங்கினேன். அதில் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து எழுதலாம், சாயங்காலம் படம் பார்த்தால் இருட்டு இருட்டாகவே தெரியும், சாம்பலாகத் தெரியாது. கட்டுரையில் இதையெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில் கடைக்காரரைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் படியில் அவரைத் தந்திரக்காரராக எழுதியிருந்தேன். விலை கூடினதை நம் தலையில் கட்டப் பார்ப்பார், நாங்கள் சுதாரிப்போம், கதை சூடுபிடிக்கும். மனைவி படித்துவிட்டு, அந்தத் தம்பி அப்படி இல்லையே, பாவம் காலையிலிருந்து நின்றபடி இருந்தார், எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்டினார் என்றாள். உண்மைதான். ஆகவே தந்திரக்காரரை அனுப்பிவிட்டேன். கால் வலிக்கிற ஒரு நல்ல மனிதர் அந்த இடத்தில் நிற்கிறார்.

மனைவி எந்த மானிட்டர் பக்கமும் போகவில்லை. கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு பெண்ணின் அத்தை. அவளே திருத்தி, அச்சில் அப்பழுக்கில்லாமல் வந்த முகம். அதே படத்தைப் பென் டிரைவிலும் கொண்டுவந்திருந்தாள். கிளியை நிறுத்திவிட்டு எல்லாத் திரையிலும் இதைப் போட முடியுமா என்று கேட்டாள். கடைக்காரர் போட்டார். சுவர் முழுக்க அந்த அத்தை. ஒன்றில் காய்ச்சலோடு இருந்தார், ஒன்றில் மெழுகு பூசியிருந்தார், வளைந்த திரையில் கன்னம் உப்பியிருந்தது. தலைக்கு மேலிருந்த விளக்கையும் அணைக்கச் சொன்னாள் இவள். பிறகு போட்டோவை ஒவ்வொரு திரைக்கும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தாள். கடைசியில் ஒரு மூலையில், பார்ப்பதற்குத் தட்டையாக, எந்த அலங்காரமும் இல்லாத ஒன்றின் முன்னால் நின்றாள்.

"இதுதான் பொய் சொல்லலை" என்றாள்.

மகள் அதன் வேகத்தைக் கேட்டாள். கடைக்காரர் சொன்னார். மகள் முகம் வாடியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் குழுவுக்குப் போட்டி உண்டு. அவளை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள். வளைந்த திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "இதையே வாங்கலாம். நான் கொஞ்சம் முன்னாடியே சுட்டுக்கறேன்" என்றாள்.

தியாகம் என்பது பெரிய வார்த்தைகளில் இல்லை, அது ஒரு— (மகள் இந்த வாக்கியத்தை அடித்துவிட்டாள். ஓவராகப் போகாதே என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள்.)

* முதல் படியில் மகனாகப் போட்டிருந்தேன். பெண் துப்பாக்கி விளையாட்டு ஆடினால் உன் வாசகர் மயக்கம் போட்டு விழுந்துவிடுவாரா என்று மகள் கேட்டாள். மாற்றிவிட்டேன். வீட்டில் அவளைச் சுண்டெலி என்று கூப்பிடுவோம். கல்லூரிக்குப் போகிற சுண்டெலி.

4

புது மானிட்டர் வந்தது. பகலெல்லாம் அது மனைவிக்கு என்று ஆயிற்று. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காருவாள். நான் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன் என்று துரத்திவிட்டாள். சட்டையின் நிறம் திரையில் விழுகிறதாம். நான் காகிதமும் பேனாவுமாகச் சமையலறை மேடைக்குக் குடிபெயர்ந்தேன். இந்தக் கதையை அங்கேதான் எழுதுகிறேன். அங்கங்கே ஈரம் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சோதனை ஆல்பத்தை முடித்து அனுப்பினாள். ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு முகமாகத் திருத்தி அனுப்பினாள்.

அச்சாகி வந்ததில் எல்லார் முகமும் சிவந்திருந்தது.

மாப்பிள்ளை வெட்கப்படுகிறார், சரி. பெண் வெட்கப்படுகிறாள், அதுவும் சரி. பெண்ணின் தாத்தா எதற்கு வெட்கப்பட வேண்டும்? பின்னால் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறவருக்கு என்ன வந்தது? (இந்த நகைச்சுவையை நான் இப்போதுதான் எழுதுகிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.)

மனைவி அச்சகத்திலிருந்து வந்து பையைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் கண்ணு போச்சுங்க" என்றாள்.

இதற்கு மேல் இந்தக் காட்சிக்கு நான்கு வாக்கியம் எழுதிவைத்திருந்தேன். நான் அவள் தோளில் கைவைத்ததாகவும் ஏதோ சொன்னதாகவும் இருந்தது. உண்மையில் நான் அவள் பக்கத்திலேயே போகவில்லை. பயந்துபோயிருந்தேன்.

மறுநாள் முதலாளியம்மா அவளைப் பழைய நாற்காலியில் உட்கார வைத்து, அதே படங்களைப் பழைய மானிட்டரில் திறந்து காட்டினார். முகங்கள் அடுப்புக் கங்கு மாதிரி எரிந்தன. அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. இத்தனை வருஷமாக இவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கோணல் மானிட்டர். எந்த முகத்தையும் கொஞ்சம் சிவப்பாகவே காட்டும். அது இவளுக்குத் தெரியாது. திரையில் முகம் இந்த அளவு சிவந்திருந்தால் தாளில் சரியாக விழும் என்று கைக்குத்தான் தெரியும். வீட்டில் நேரான மானிட்டரில் முகம் வெளிறித் தெரிந்ததும், கை தன் பாட்டுக்கு அந்தச் சிவப்பைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பொய் சொல்லாத மானிட்டரைத் தேடிப் பிடித்து வாங்கினோமே தவிர, ஒரு பொய்யோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்திய கண்ணைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. என் கட்டுரையிலும் இது இல்லை. வாங்குகிறவர் இதுவரைக்கும் எதைப் பார்த்துப் பழகினார் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னும் ஒரு ஆல்பம் தருகிறேன், அதுதான் கடைசி என்றார் முதலாளியம்மா.

5

"அவ்வளவுதானேம்மா?" என்றாள் சுண்டெலி.

மானிட்டருக்குக் கீழே விரலை விட்டு எதையோ அழுத்தினாள். மெனு வந்தது. விளையாட்டுக்காக அதன் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிவப்பு என்று இருந்த இடத்துக்குப் போய் ஏற்ற ஆரம்பித்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மானிட்டரை மனசில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இரு, இப்ப இறக்கு, இறக்கு, போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதைத் தனியாகச் சேமித்து வைத்தார்கள். வீட்டில் அதற்கு 'அம்மா மோட்' என்று பேர். விளையாடும்போது சுண்டெலி அதை மாற்றிக்கொள்வாள், முடித்ததும் திருப்பி வைத்துவிடுவாள்.

எனக்கு மனசே ஆறவில்லை. கடை முழுக்கத் தேடி வாங்கின நல்ல மானிட்டரை இப்படி உட்கார்ந்து கெடுக்கிறீர்களே என்று கத்தினேன். நீ போய்க் கட்டுரை எழுதுப்பா என்றாள் மகள்.

இரண்டாவது ஆல்பம் நறுவிசாக வந்தது. தாத்தாவுக்கு வெட்கமில்லை. வேலை கிடைத்துவிட்டது.

இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவுதான், வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் முதலாளியம்மா ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தார். இடம் மாறி முடிந்ததும், வீட்டிலிருந்து செய்கிற எல்லார் மானிட்டரையும் ஆள் வந்து ஒரு கருவியை ஒட்டி அளப்பார். நேராக இருக்க வேண்டும். கோணல் இருந்தால் வேலை கிடையாது, இனிமேல் அதுதான் சட்டம். அதற்குள் கண்ணை மாற்றிக்கொள்.

மாற்றிக்கொள்ளத்தான் பார்த்தாள். அம்மா மோடை எடுத்துவிட்டு நேரான திரையில் உட்காருவாள். ஆல்பத்தில் ஒரு பக்கம் முடிவதற்குள் கை தயங்கி நின்றுவிடும். மறுபடி அம்மா மோடுக்கே போவாள். சில நாள் இப்படிப் போராடிவிட்டு ஒரு சாயங்காலம் சொன்னாள்.

"முடியலைங்க. நேரா இருக்கறது எனக்குக் கோணலாத் தெரியுது. அளக்க வர்றதுக்கு முன்னாடி நானே வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிடறேன்."

6

இதுவரைக்கும் உள்ளதை அவர்கள் இரண்டு பேரும் படித்தாயிற்று. இனி வருகிற பக்கங்களை மனைவிக்குக் காட்டவில்லை. ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அவள் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் சுண்டெலி என்னைத் துணி காயப்போடுகிற இடத்துக்குக் கூப்பிட்டாள். அம்மா காலையில் குளிக்கப் போகிற நேரத்தில், அம்மா மோடில் இருக்கிற சிவப்பை ஒரே ஒரு புள்ளி குறைத்துவிட்டாளாம். இனி இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே போவாளாம். கண்ணுக்கே தெரியாமல் கண்ணை நேராக்கிவிடலாம் என்பது திட்டம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா கை நடுங்கும்" என்றாள்.

நான் பொறுப்புள்ள தகப்பன். உடனே கூட்டுச் சேர்ந்தேன். அவள் மெனுவில் இருக்கும்போது குளியலறைக் கதவைக் கவனிப்பது என் வேலை. ஆல்பங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கை நடுங்கவில்லை. முதலாளியம்மாவிடம் ஆள் பார்க்கச் சொல்கிற பேச்சும் நின்றுபோனது. நாங்கள் இரண்டு பேரும் பெரிய ஆட்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஆக, முடிவு எழுத உட்கார்ந்தேன்.

முடிவு ஒன்று: அளக்கிறவர் வருகிறார். கருவி நேர் என்று காட்டுகிறது. நாங்கள் உண்மையைச் சொல்கிறோம். அவள் கண்கலங்கி மகளைக் கட்டிக்கொள்— (எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. 'சாப்டியா?' என்று கேட்போம்.)

முடிவு இரண்டு: நடுவில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. 'என்னை என்ன சின்னக் குழந்தைன்னு நினைச்சீங்களா' என்று ஆரம்பிக்— (இதை எழுதும்போது அவளே தண்ணீர் குடிக்க வந்தாள். தாளின் மேல் வெங்காயத்தை நறுக்கிப் போட்டு மூடினேன். அந்தப் பக்கம் போயே போய்விட்டது.)

முடிவு மூன்று: சுண்டெலிக்குப் பரீட்சை வருகிறது, குறைக்க மறக்கிறாள், சிவப்பு பாக்கி இருக்கும்போதே ஆள் வந்து நிற்கிறார். (கதைக்கு இதுதான் பலம். ஆனால் என் வீட்டுக்கு நானே இதை எழுத மாட்டேன்.)

7

எழுத மாட்டேன் என்றாலும், மூன்றாவது முடிவில் பாதி நடந்துவிட்டது. சுண்டெலிக்குப் பரீட்சை வந்தது. போன வாரம் முழுக்க அவள் மானிட்டர் பக்கமே போகவில்லை, விளையாடக்கூட இல்லை. அளக்கிறவர் நாளைக்கு வருகிறார். அது இன்று காலைதான் எங்களுக்குத் தெரிந்தது. சாப்பிடும்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள், சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சுண்டெலி தட்டை அப்படியே வைத்துவிட்டு மேசைக்கு ஓடினாள். இன்னும் நாலைந்து புள்ளி பாக்கி. அத்தனையையும் ஒரே நாளில் குறைத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், குறைக்காவிட்டால் கருவிக்குத் தெரிந்துவிடும். நான் போய் என் காவல் இடத்தில் நின்றேன்.

அவள் மெனுவைத் திறந்தாள். பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீ தொட்டியா?"

நான் இல்லை. எனக்கு அந்த மெனுவுக்குள் போகத் தெரிந்தாலும் வெளியே வரத் தெரியாது.

"சிவப்பே இல்லைப்பா. நேரா இருக்கு."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போயிருக்கிறோம். ஒரு முகத்தில் சிவப்பு ஒரு துளி ஏறினாலும் இறங்கினாலும் கண்டுபிடிப்பதுதான் என் மனைவியின் தொழில். அவளுக்குத் தெரியாமல் அவள் திரையிலிருந்தே சிவப்பைக் களவாடலாம் என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். மகள் வராத வாரத்தில் மீதியை அவளே எடுத்திருக்கிறாள். எத்தனை நாளாக நேரான திரையில் வேலை செய்கிறாளோ தெரியவில்லை.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. கொஞ்ச காலமாகவே அவள் குளித்துவிட்டு வருவதற்கு வழக்கத்தைவிட நேரமாகிறது. நான் அதைக் கவனித்தேன், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். சுண்டெலிக்கு அவகாசம் தாராளமாகக் கிடைக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் குளியலறைக் கதவைப் பார்த்தோம். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அவள் வெளியே வரவில்லை. சுண்டெலி தன் வேலையை முடிக்கட்டும் என்று உள்ளே நின்றுகொண்டிருக்கிறாள்.

இனி எழுதப்போவதில்லை. சுண்டெலி ஓடிப்போய்க் கதவைத் தட்டி உண்மையைச் சொல்லலாம். இல்லை, எதுவும் தெரியாத மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்காரலாம், அவள் அம்மாவும் எதுவும் தெரியாத மாதிரி தலையைத் துவட்டிக்கொண்டு வரலாம், இந்த வீடு இப்படியே பல வருஷம் ஓடலாம். எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். அவள் ஈரத் தலையோடு நிற்கிறாள்.